உறங்கும் சுரப்பி

மக்கள் உடலில் சிறுநீரகங்கள் இரண்டு உள. அவை ஒவ்வொன்றின் உச்சியிலும் தலைப்பாகை வைத்தாற்போலச் சிறு சுரப்பி ஒன்று அமர்ந்திருக்கின்றது. அதன் எடை நான்கைந்து கிராம். உடலைக் கூறுபடுத்தி ஆராய்ந்த பண்டை அறிஞர் அதனைக் கண்டனர், படம் வரைந்தனர், பெயரும் இட்டனர். ஆயினும் அதன் தொழில் யாது என்பதை நெடுங்காலம் எவரும் அறிந்திலர். அட்ரீனல் எனவும், தமிழில் அண்ணீரகம் எனவும் வழங்கும் அச்சுரப்பி இல்லையேல் மனிதன் உயிர் வாழ இயலாது என்பது 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேதான் வெளிப்பட்டது.

இலண்டன் மாநகரில் கைஸ் மருத்துவமனையில் தாமசு அடிசன் என்னும் மருத்துவர் பணியாற்றி வந்தார். அவரிடம் வந்த நோயாளர் சிலர்க்கு உடல் நாளுக்கு நாள் தளர்ந்தது, பசி குன்றிற்று, நாடி மெலிந்தது, வெயிலிற் காயாத இடங்களிலும் தோல் கருத்தது. எம்மருந்தும் பயன்படாமல் அவர்கள் மாண்டனர். இறந்தோர் உடலை ஆராய்ந்தபோது, சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் பழுதுற்றிருக்கக் கண்டார் அடிசன். பதினொரு நோயாளரின் வரலாறுகளைத் தொகுத்து, 1855ஆம் ஆண்டு அவர் ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் பிரௌன் செக்கார் என்னும் அறிஞர் விலங்குகளின் உடலிலிருந்து அச்சுரப்பிகளை நீக்கிப் பார்த்தார். அவ்விலங்குகள் விரைவில் இறந்தன.

இச்சுரப்பியை அறுத்து நோக்கின் இரு பகுதிகள் தோன்றும். நடுவே உள்ளது அகணி. அதனைச் சூழ்ந்திருப்பது புறணி. இலத்தீன் மொழியில் மரப்பட்டைக்குக் கார்ட்டெக்ஸ் என்று பெயர். தமிழிற் புறணி என்பதும் பட்டையே ஆதலின் பெயர் நன்கு பொருந்திற்று. இப்புறணியில் ஊறும் பொருள்களுக்குக் கார்ட்டிகோஸ்டீராய்டுகள் என்று பெயர். மருத்துவமனைகளிலும் மருந்துக் கடைகளிலும் மக்கள் சுருக்கமாக ஸ்டீராய்டு என்று கூறுவது இவற்றையும், இவற்றைப் போலச் செய்யப்பெற்ற மருந்துகளையுமேயாம். உடலைப் பருக்க வைப்பதற்காகச் சில விளையாட்டு வீரர் திருட்டுத்தனமாக உட்கொள்ளும் ஸ்டீராய்டு வேறு. பெயர் ஒன்றாக இருத்தலின் இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவார் பலர்.

புறணியில் ஊறுவனவற்றுள் தலைமை வாய்ந்தது கார்ட்டிசால். நாள் ஒன்றுக்கு அது 10 முதல் 20 மில்லிகிராம் வரையே சுரக்கின்றது. அத்துணைச் சிறிய அளவு கொண்டே அது ஆற்றும் பணிகள் பல. உண்ணாதிருக்கும் வேளையில் குருதியிலுள்ள சர்க்கரை குறைந்துவிடாமற் காக்கின்றது. குருதியின் அழுத்தத்தைத் தாங்குகின்றது. காய்ச்சல், காயம், அச்சம் ஆகியன நேரும்போது உடல் அவற்றைப் பொறுத்துக்கொள்ளுமாறு செய்கின்றது. இவையேயன்றி, அழற்சியை அடக்குதலும் அதன் பணியாகும்.

அழற்சியாவது யாது? காலில் முள் தைத்தால், தைத்த இடம் சிவக்கின்றது, சுடுகின்றது, வீங்குகின்றது, நோகின்றது. உடலைக் காக்கும் குருதி அணுக்கள் அவ்விடத்திற்கு விரைந்து சென்று போர் புரிவதன் அடையாளங்கள் அவை. அப்போர் உடலுக்கு நன்மை தருவது. ஆயின் சிலருக்குக் காவற்படை பகையின்றியே கிளர்ந்தெழுந்து தன் வீட்டையே தாக்கத் தொடங்கும். அது மூட்டுகளைத் தாக்கின் முடக்குவாதம். மூச்சுக் குழல்களில் எழுந்தால் ஆஸ்துமா. சிறுநீரகத்திலும், தோலிலும், கண்ணிலும், குடலிலும் இவ்வாறு நிகழ்வதுண்டு. இத்தகைய நோய்களில் அழற்சியை அடக்கும் பொருளை வெளியிலிருந்து கொடுத்தால் நோய் தணியும் அன்றோ? இன்று எளிதாகத் தோன்றும் இவ்வெண்ணம் செயலாவதற்குப் பல்லாண்டுகள் சென்றன.

அமெரிக்க நாட்டில், மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ராச்செஸ்டர் நகரில் மேயோ மருத்துவமனை உள்ளது. ஆங்கு மூட்டு நோய்களைக் கவனித்து வந்தவர் பிலிப் ஹென்ச் என்பவர். 1929ஆம் ஆண்டு முடக்குவாத நோயாளர் ஒருவருக்கு மஞ்சட்காமாலை கண்டது. நோயின்மேல் நோய் வந்ததே என்று இரங்க வேண்டிய அந்நிலையில், அவருடைய மூட்டுவலி தணிந்து போயிற்று. இதனைத் தற்செயல் என்று தள்ளிவிடாமல் ஹென்ச் உள்ளத்தில் இருத்தினார். முடக்குவாதம் உற்ற பெண்டிர் கருவுற்றிருக்கும் காலத்தில் வலி நீங்கி இருத்தலையும் பின்னர்க் கண்டார். உடலே உண்டாக்கும் ஏதோ ஒரு பொருள் இந்நோயைத் தணிக்கின்றது என்னும் முடிவிற்கு அவர் வந்தார். அப்பொருள் எது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

அதே மருத்துவமனையில் எட்வர்டு கெண்டல் என்னும் வேதியியல் அறிஞர், கால்நடைகளின் அட்ரீனல் சுரப்பிகளைக் கொண்டுவந்து அவற்றின் புறணியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். அவற்றிற்கு ஏ, பி என எழுத்துகளையே பெயராக இட்டார். சுவிட்சர்லாந்தில் தாதேயூஸ் ரைக்ஸ்டைன் என்பாரும் இதே ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். மிகப் பல சுரப்பிகளைப் பிழிந்தாலும் கிடைப்பது சிறிதளவே. ஆதலின் நோயாளர்க்குக் கொடுத்துப் பார்க்க வழியில்லை. பின்னர் மெர்க் என்னும் மருந்து நிறுவனத்தைச் சேர்ந்த லூயி சாரெட், எருதுகளின் பித்தநீரிலிருந்து கிடைக்கும் ஒரு பொருளைப் படிப்படியாக மாற்றி, கெண்டல் ஈ என்று பெயரிட்ட பொருளைச் செய்து முடித்தார். பெருமுயற்சியால் உண்டான அம்மருந்து சிறிதளவே ராச்செஸ்டருக்கு வந்தது.

1948ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 21ஆம் நாள், 29 வயதுடைய பெண்மணி ஒருவர்க்கு அம்மருந்தில் 100 மில்லிகிராம் ஊசி வழியாகச் செலுத்தப்பெற்றது. முடக்குவாதத்தால் நடக்க மாட்டாமல் இருந்தவர் அவர். நாள்தோறும் ஊசி போட்டு வந்தனர். சில நாட்களில் மூட்டுகளின் விறைப்புத் தளர்ந்தது. ஒரு வாரத்தில் அவர் கடைத்தெருவிற்குச் சென்று வந்தார். செய்தி வெளிவந்தபோது உலகம் வியந்தது. ஈ என்னும் பொருள் கார்ட்டிசோன் என்று பெயர் பெற்றது. 1950ஆம் ஆண்டில் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவர்க்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கண்டுபிடிப்பு நிகழ்ந்து இரண்டே ஆண்டுகளில் இப்பரிசு கிட்டுவது அரிது.

மருந்தின் விலையோ செல்வரும் அஞ்சத் தக்கதாய் இருந்தது. 1952ஆம் ஆண்டில் அப்ஜான் நிறுவனத்து ஆய்வாளர் பீட்டர்சனும் மர்ரேயும் ஒரு வழி கண்டனர். ரொட்டியின்மேற் பூக்கும் பூசணத்தின் இனமாகிய ரைசோபஸ், வேதியியலார் பல படிகளிற் செய்ய வேண்டிய ஒரு மாற்றத்தை ஒரே படியிற் செய்து தந்தது. மெக்சிகோ நாட்டுக் காட்டுக் கிழங்கிலிருந்து தொடக்கப் பொருள் கிடைத்தது. விலை சரிந்தது. சில ஆண்டுகளில் பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் முதலிய புதிய மருந்துகளும் தோன்றின. வலிமையில் இவை ஒன்றற்கொன்று பெரிதும் வேறுபடுவன. கார்ட்டிசாலில் 20 மில்லிகிராம் ஆற்றும் வேலையைப் பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமிலும், டெக்சாமெத்தசோன் முக்கால் மில்லிகிராமிலும் ஆற்றிவிடும். மாத்திரை கடுகளவே உள்ளது. இஃது என்ன செய்துவிடும் என்று எண்ணுவது பேதைமை.

மகிழ்ச்சி ஆரவாரம் ஓய்வதற்குள் மருந்தின் மறுபக்கமும் தெரியலாயிற்று. ஊசியை நிறுத்தியவுடன் மூட்டுவலி மீண்டும் வந்தது. மருந்து நோயைத் தணித்ததேயன்றி அதன் வேரைக் களையவில்லை. தொடர்ந்து பெற்றவர்க்கோ முகம் முழுமதிபோல் உருண்டது, பிடரியிலும் வயிற்றிலும் கொழுப்புத் திரண்டது, கைகால்கள் மெலிந்தன, உறக்கம் கெட்டது, சிலர்க்கு மனமும் திரிந்தது. நெடுநாள் உட்கொண்டால் எலும்பின் உறுதி குறைந்து சிறு இடறலிலும் முறியும் என்பதும், குருதியில் சர்க்கரையும் அழுத்தமும் ஏறும் என்பதும், கண்ணிற் புரை வளரும் என்பதும், குழந்தைகளின் வளர்ச்சி குன்றும் என்பதும் பின்னர் அறியப்பட்டன. காவற்படையை அடக்கும் மருந்து ஆதலின் உண்மையான பகை வரும்போதும் படை எழாது. உள்ளே அடங்கிக் கிடந்த காசநோய் தலைதூக்கும். சின்னம்மையும் தட்டம்மையும் கடுமையாகத் தாக்கும்.

இத்தீங்குகளை மக்கள் ஒருவாறு கேள்வியுற்றிருக்கின்றனர். அவர்கள் பெரும்பாலும் அறியாத தீங்கு வேறொன்று உண்டு. மருந்தை உட்கொள்வதால் அன்று, அதனைத் திடீரென விடுவதால் அது வருவது. அதன் காரணத்தைச் சற்று விரிவாகக் காணல் வேண்டும்.

அட்ரீனல் சுரப்பி தன் விருப்பப்படி சுரப்பதன்று. மூளையின் அடியில் பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி அதற்கு ஏவல் அனுப்புகின்றது. குருதியிற் கார்ட்டிசால் குறைந்தால் ஏவல் மிகும்; நிறைந்தால் ஏவல் நின்றுவிடும். ஏரியின் மடையைக் காக்கும் நீர்க்கட்டி செய்வதும் இதுவே. வயல் வாய்க்காலில் நீர் வற்றக் கண்டால் அவர் மடையைத் திறப்பார். நிறையக் கண்டால் மூடுவார். வேறோர் ஆற்றிலிருந்து வெட்டிய கால்வாய் வழியாக நாள்தோறும் நீர் வந்து வாய்க்கால் நிறைந்தே இருக்குமாயின், அவர் மடையைத் திறக்க வேண்டிய தேவை என்ன? திங்கள் பல கழிகின்றன. மடைப்பலகை துருவேறி இறுகிவிடுகின்றது. அப்போது ஒரு நாள் அக்கால்வாயை முன்னறிவிப்பின்றி அடைத்துவிட்டால் பயிரின் கதி என்னாகும்? நீர்க்கட்டி ஓடிவந்து பலகையை இழுத்துப் பார்த்தாலும் அஃது உடனே அசையாது.

உடலிலும் அவ்வாறே நிகழ்கின்றது. மூன்று வாரங்களுக்கு மேல் ஒருவர் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டு வருவாராயின் அவருடைய அட்ரீனல் சுரப்பி தொழில் மறந்து உறங்கியிருக்கக்கூடும். புறணி சுருங்கியும் போகும். முடக்குவாதத்திற்கு ஓராண்டாக மாத்திரை உண்டு வந்த தச்சர் ஒருவர் இருக்கின்றார் என வைத்துக்கொள்வோம். வலி நீங்கி உளியும் சுத்தியும் பிடிக்கத் தொடங்கிவிட்டார். ஸ்டீராய்டு உடலைக் கெடுக்கும் என்று அண்டை வீட்டார் அச்சுறுத்துகின்றனர். அவர் அன்றே மாத்திரைகளை எடுத்து எறிந்துவிடுகின்றார். சில நாட்களில் உடல் தளர்கின்றது, எழுந்தால் தலை சுற்றுகின்றது, உணவு வெறுக்கின்றது, வாந்தி உண்டாகின்றது. அவ்வேளையிற் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்துவிட்டால் குருதி அழுத்தம் வீழ்ந்து அவர் அறிவிழந்து சாயவும் கூடும். அடிசனிடம் வந்த நோயாளர்க்கு நோயினால் நேர்ந்தது, இவருக்கு அச்சத்தினால் நேர்ந்தது. குறை கூறின் அச்சுறுத்திய அண்டை வீட்டாரை மட்டும் கூறுதல் தகாது. மாத்திரையைத் தரும்போதே அதனை விடும் முறையையும் எடுத்துச் சொல்லாதவர்க்கும் இதிற் பங்கு உண்டு.

ஆகவேதான் நெடுநாள் உட்கொண்ட மருந்தை மருத்துவர் படிப்படியாகக் குறைக்கின்றனர். தொடக்கத்திற் சற்று விரைவாகவும், உடல் தானே சுரக்கும் அளவை நெருங்கும்போது மிக மெதுவாகவும் குறைப்பது வழக்கம். பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்குக் கீழ் வரும்போது, ஒரு மில்லிகிராம் குறைப்பதற்கே ஒரு திங்கள் காத்திருப்பதும் உண்டு. ஆஸ்துமா மிகுந்தபோது ஐந்தாறு நாட்களுக்கு மட்டும் கொடுக்கப்படும் மாத்திரைக்குப் பெரும்பாலும் இக்கட்டுப்பாடு இல்லை. சுரப்பி அதற்குள் உறங்குவதில்லை. எதனை எவ்வாறு விடுவது என்பதை மருத்துவரே கூறத் தக்கவர்.

நலமாக இருப்பவர்க்குக் காய்ச்சல் வந்தாலோ, எலும்பு முறிந்தாலோ, அறுவை நிகழ்ந்தாலோ அட்ரீனல் வழக்கத்தினும் பன்மடங்கு சுரந்து துணை செய்யும். சுரப்பி உறங்கியவர்க்கு அத்துணை இல்லை. ஆதலின் அத்தகைய வேளைகளில் மருந்தின் அளவை உயர்த்த வேண்டியிருக்கும். வாந்தியால் மாத்திரை உள்ளே தங்கவில்லையெனில் ஊசி தேவைப்படும். காலந்தாழ்த்தாமல் மருத்துவமனையை நாட வேண்டும். வழியில் விழுந்து கிடப்பவர் தம் நிலையைத் தாமே கூற இயலாது. அதனால், தாம் உட்கொள்ளும் மருந்தின் பெயரும் அளவும் எழுதிய அட்டையொன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்குமாறு மருத்துவர் அறிவுறுத்துவர். பல் பிடுங்கச் சென்றாலும் அவ்வட்டையைக் காட்டுதல் நன்று.

நாள்தோறும் உட்கொள்வதிலும் முறை உண்டு. இயல்பாகக் கார்ட்டிசால் விடியற்காலையில் மிகுந்து நள்ளிரவிற் குறைவது; ஆதலின் மாத்திரையைக் காலை உணவிற்குப்பின் உட்கொள்ளச் சொல்கின்றனர். இரவில் உண்டால் உறக்கம் கெடும். இதனுடன் வலி மாத்திரைகளையும் தாமே வாங்கி விழுங்குவோர்க்கு வயிற்றிற் புண் உண்டாகிக் குருதி கசியும். நீரிழிவு உடையவர் சர்க்கரையை அடிக்கடி அளந்து பார்த்தல் வேண்டும். கண்ணையும் ஆண்டுதோறும் காட்டல் வேண்டும். எலும்பைக் காக்கச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் மருத்துவர் தருவர். தட்டம்மைத் தடுப்பூசி போன்ற உயிர்க்கிருமி ஊசிகளை, மிகுந்த அளவில் ஸ்டீராய்டு பெறும் குழந்தைக்குப் போடலாகாது. ஊசி போடுவோரிடம் பெற்றோர் இதனைச் சொல்லத் தவறக்கூடாது.

நோயுள்ள இடத்திற்கு மட்டும் மருந்தைச் சேர்ப்பிப்பது இத்தீங்குகளைக் குறைக்கும் வழியாகும். ஆஸ்துமாவிற்கு மூச்சுடன் இழுக்கும் இன்ஹேலர் அவ்வகையிற் சிறந்தது. அதிலுள்ள அளவு மிகச் சிறிது. மைக்ரோகிராம் கணக்கில் அளக்கப்படுவது. இழுத்தபின் வாயை நீரினாற் கொப்புளித்து உமிழ்ந்துவிட்டால் வாய்ப்புண் வாராது. மாத்திரையை அஞ்சாமல் விழுங்கும் சிலர் இன்ஹேலரைக் கண்டு அஞ்சுவது விந்தை. அஃது அடிமையாக்கிவிடும் என்னும் பேச்சிற்கு அடிப்படை எதுவும் இல்லை.

தோலில் தடவும் களிம்பின் கதை இதற்கு மாறானது. அதனை அஞ்ச வேண்டிய இடத்தில் மக்கள் அஞ்சுவதில்லை. படர்தாமரை வந்தால் கடையில் ஏதேனும் ஒரு களிம்பை வாங்குகின்றனர். அதிற் கலந்துள்ள ஸ்டீராய்டு அரிப்பை ஒரே நாளில் அடக்கிவிடுகின்றது. நோய் நீங்கிற்று என மகிழ்கின்றனர். பூசணமோ எதிர்ப்பாரின்றி வட்டம் வட்டமாகப் பரவுகின்றது. முகம் வெளுப்பதற்கென்று இக்களிம்பைத் தடவும் இளைஞரும் மகளிரும் உளர். சில திங்களில் தோல் மெலிந்து சிவந்த நரம்புகள் தோன்றுகின்றன, பருக்கள் எழுகின்றன, வெயிலில் முகம் எரிகின்றது. தடவுவதை நிறுத்தினால் எரிச்சல் மிகுவதால் மீண்டும் தடவுகின்றனர். இயற்கை தந்த நிறத்தைக் குறையென்று கருதியதற்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரிது. இந்திய நடுவணரசு 2018ஆம் ஆண்டில் இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என அறிவித்தது.

பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலங்களும் ஐயத்திற்குரியன. பல்லாண்டு மூட்டுவலியும் இரைப்பும் ஒரே நாளில் பறந்துவிடும் என்று கூறி விற்கப்படும் பொடிகளைச் சோதித்தபோது சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கண்டனர். முறையான சித்த மருந்தையோ ஆயுர்வேத மருந்தையோ இது குறித்ததன்று. அவற்றின் பெயரால் நடக்கும் கலப்படம் பற்றியது. உண்பவர் தாம் எதை உண்கின்றோம் என்பதையே அறியார். பொடி தீர்ந்துபோன வாரத்தில் மயங்கி வீழ்ந்தால் மருத்துவருக்கும் காரணம் எளிதிற் புலப்படாது.

இத்துணையும் கேட்டு, இம்மருந்தே வேண்டா என்று ஒதுக்குவதும் பெரும்பிழையாகும். குறைமாதத்தில் மகப்பேறு நேரும் நிலையில் உள்ள தாய்க்கு இம்மருந்தை ஊசி வழியாகக் கொடுத்தால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்கின்றது. நியூசிலாந்து நாட்டு அறிஞர் லிகின்சும் ஹௌவியும் 1972ஆம் ஆண்டு இதனை வெளியிட்டனர். மூச்சுவிட மாட்டாமல் மடிய வேண்டிய சிசுக்கள் எண்ணிறந்தோர் அதனாற் பிழைத்திருக்கின்றனர்.

2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று உலகை வாட்டியபோது, இங்கிலாந்தில் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தார் டெக்சாமெத்தசோன் மருந்தை ஆராய்ந்தனர். நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், பத்து நாட்கள் வரை கொடுத்தனர். மூச்சுக்கருவியின் துணையால் உயிர்த்திருந்தோரில், இம்மருந்து பெறாதவர் 100 பேருக்கு 41 பேர் இறந்தனர். பெற்றவரில் 29 பேர் இறந்தனர். உயிர்வளி தேவைப்படாத எளிய நோயாளர்க்கோ மருந்தினால் நன்மை விளையவில்லை. எவருக்கு, எப்போது, எவ்வளவு என்னும் மூன்றும் பொருந்தினாலன்றி இம்மருந்து பயன் தராது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. 2021ஆம் ஆண்டு இந்தியாவில் கொரோனாவுற்றவர் பலரைக் கரும்பூஞ்சை என்னும் கொடுநோய் பற்றிற்று. கண்ணை இழந்தோரும் உயிரை இழந்தோரும் பலர். நீரிழிவு உடையவர்க்குச் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்ததும், ஸ்டீராய்டு அளவுமீறி வழங்கப்பட்டதும் அதற்குப் பெருங்காரணங்கள் என்றனர் மருத்துவர். அந்நோயை விளைக்கும் பூசணங்களுள் முதன்மையானது ரைசோபஸ். 1952ஆம் ஆண்டில் இம்மருந்து ஏழைக்கும் எட்டுமாறு செய்து கொடுத்த அதே இனம்!

மருந்தைக் குறைத்துக்கொண்டே வந்தவர்க்கு இறுதியில் ஐயம் ஒன்று எழும். உறங்கிய சுரப்பி விழித்துவிட்டதா? இதனை அறிய வழி உண்டு. மாத்திரை உண்பதற்கு முன், காலை எட்டு மணியளவில் குருதி எடுத்துக் கார்ட்டிசாலின் அளவைப் பார்க்கின்றனர். போதிய அளவு இருப்பின் மருந்தை முற்றும் நிறுத்துகின்றனர். குறைந்திருப்பின் சிறிய அளவைத் தொடரச் சொல்லிச் சில வாரங்கள் கழித்து மீண்டும் அளந்து பார்க்கின்றனர். சிலர்க்குச் சுரப்பி விரைவில் விழிக்கின்றது. சிலர்க்கு ஓராண்டும் ஆகின்றது. அதுவரை அட்டை சட்டைப்பையிலேயே இருத்தல் வேண்டும்.